சர்வீஸில் சுழல் ஏறவில்லை, மணிக்கட்டுதான் வலிக்கிறது

காவிரிக் கரையோர நகரம் ஒன்றில் அரசுத் துறையின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் 43 வயது வாசகர் ஒருவர், தம் பெயரையும் துறையையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டுகளாக அலுவலக மனமகிழ் மன்றத்தில் மாலை ஒரு மணி நேரம் டேபிள் டென்னிஸ் விளையாடுகிறார். யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர். மற்ற ஆட்டம் ஓரளவு கைவந்துவிட்டது, சர்வீஸ் மட்டும் சப்பென்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் அதை எடுத்து அடித்துவிடுகிறார்கள் என்பது அவர் குறை. ஆறு மாதங்களுக்கு முன் 4,000 ரூபாய் கொடுத்துப் பசைத்தன்மை மிகுந்த ரப்பர் ஒன்றை வாங்கி மட்டையில் ஒட்டினார். மாற்றம் எதுவும் தெரியவில்லை.

அதன் பிறகு இரண்டு மாதங்களாக நாள்தோறும் 300 சர்வீஸ் போட்டுப் பழகியதில், வலது மணிக்கட்டில் கட்டைவிரலை ஒட்டிய பக்கம் வலி தொடங்கியிருக்கிறது. இப்போது ஸ்கூட்டரின் ஆக்சிலரேட்டரைத் திருகும்போதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் சுரீர் என்கிறதாம். போதாக்குறைக்கு, சக ஊழியருடன் மன்றத்துக்கு வந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், “அங்கிள், உங்க சர்வீஸ் எல்லாமே ஃபவுல்” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டான். நண்பர் ஒருவரோ, ரப்பரில் பூஸ்டர் எண்ணெய் தடவினால் சுழல் தானாக ஏறும் என்கிறார். துறைகளுக்கிடையிலான போட்டிக்கு இன்னும் 2 மாதங்கள் இருக்கின்றன. எந்த ரப்பர் வாங்கலாம், எந்த சர்வீஸைக் கற்கலாம், அந்தப் பையன் சொன்னது உண்மையா, இந்த வயதில் இதெல்லாம் வருமா என்று நான்கு கேள்விகள் கேட்டு, 11 சர்வீஸ்கள் அடங்கிய காணொளி ஒன்றையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் 11 சர்வீஸ்களையும் வேகத்தைக் குறைத்து மூன்று முறை பார்த்தேன். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அலுவலக அணிகளுக்கும் பயிற்சி தருபவன் நான். ரப்பரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கும் நீங்கள், பந்தைத் தூக்கிப் போடுவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, வலியிலிருந்து தொடங்குகிறேன். குடம் தூக்க முடியாத கைக்குச் சுழல் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் மணிக்கட்டு

நான் மருத்துவன் அல்லன். ஆகவே உங்கள் வலிக்குப் பெயர் சூட்டப்போவதில்லை. ஆனால் கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் நீங்கள் சொல்லும் அதே இடத்தில் குறுகலான ஓர் உறைக்குள் ஓடுகின்றன என்பதும், ஒரே அசைவை மிதமிஞ்சிச் செய்தால் அந்த உறை புண்பட்டு வீங்கக்கூடும் என்பதும் எங்கள் தொழிலில் அடிக்கடி பார்ப்பவை. சர்வீஸ் பயிற்சியை இன்றே நிறுத்திவிட்டு, எலும்பு மூட்டு மருத்துவரிடமோ, விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் பிசியோதெரபி நிபுணரிடமோ இந்த வாரமே காட்டுங்கள். வீக்கம் தெரிந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, இரவில் வலி எழுப்பினாலோ வாரக்கடைசி வரைகூடக் காத்திருக்க வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்ந்து ஆடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறீர்கள். கூடாது.

இந்த வலி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. மட்டையை ஐந்து விரல்களாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முழங்கையை அசைக்காமல், மணிக்கட்டை மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறீர்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே வலிக்காத இடக்கையில் ஒன்றைச் செய்து பாருங்கள். விரல்களை இறுக்கி முஷ்டியாக்கிக்கொண்டு மணிக்கட்டை இட வலமாக ஆட்டுங்கள். பிறகு விரல்களைத் தளர்த்தி, ஒரு சாவியைப் பிடிப்பதுபோல் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் மட்டும் சேர்த்துக்கொண்டு அதையே செய்யுங்கள். இரண்டாவது முறை கை எவ்வளவு தூரம், எவ்வளவு எளிதாகப் போகிறது என்று தெரியும். இறுகிய கை மெதுவாகப் போகிறது, சீக்கிரம் வலிக்கிறது. நாளொன்றுக்கு 300 என்ற எண்ணிக்கை அந்தத் தவற்றை 300 முறை செய்ய வைத்தது, அவ்வளவுதான்.

அந்தப் பையன் சொன்னது சரிதான்

எல்லார் முன்னிலையிலும் சொன்னான் என்ற மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது. ஆனால் அவன் சொன்னதில் பிழை இல்லை. 11 சர்வீஸ்களில் ஒன்றுகூட விதிக்கு உட்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

விதி இதுதான். பந்து விரித்த உள்ளங்கையில் அசையாமல் இருக்க வேண்டும். விரல்களால் பற்றியிருக்கக் கூடாது. அங்கிருந்து, கையால் சுழல் எதுவும் கொடுக்காமல், ஏறத்தாழ நேர் செங்குத்தாக மேலே எறிய வேண்டும். கையை விட்டபின் பந்து குறைந்தது 16 செ.மீ. எழ வேண்டும், கீழே இறங்கும்போதுதான் அடிக்க வேண்டும். சர்வீஸ் தொடங்கியதிலிருந்து மட்டை படும்வரை பந்து மேசை மட்டத்துக்கு மேலாகவும், உங்கள் பக்கத்து விளிம்புக் கோட்டுக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். எதிராளியின் கண்ணுக்குப் பந்து ஒரு கணமும் மறையக் கூடாது. எறிந்த உடனே இடக்கையைப் பந்துக்கும் வலைக்கும் இடையிலான பகுதியிலிருந்து விலக்கிவிட வேண்டும். 16 செ.மீ. என்றால் எவ்வளவு என்று அளவுகோலைத் தேட வேண்டாம். வலையின் உயரம் 15.25 செ.மீ.; அதைவிடச் சற்றே கூடுதலாகப் பந்து எழ வேண்டும் என்று கண்ணில் வைத்துக்கொண்டால் போதும்.

நீங்கள் பந்தை மூன்று விரல்களால் பிடித்து, நான்கு விரற்கடை உயரத்துக்குத் தட்டிவிட்டு, அது எழும்போதே அடித்துவிடுகிறீர்கள். இடக்கையும் மார்புக்கு முன்னால் அப்படியே நிற்கிறது. மன்றத்தில் நான்கு ஆண்டுகளாக யாரும் ஆட்சேபிக்கவில்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்சேபிக்காததால் அது விதிக்கு உட்பட்டதாகிவிடாது. நடுவர் உட்காரும் போட்டியில், சர்வீஸ் சரியானதுதான் என்று அவருக்கு நிறைவு ஏற்படும்படி போடுவது சர்வீஸ் போடுபவரின் பொறுப்பு. ஐயம் எழுந்தால் முதல் முறை நடுவர் எச்சரித்துவிடலாம். மறுபடி எழுந்தால் புள்ளி எதிராளிக்குப் போகும். வெளிப்படையான விதிமீறல் என்றால் எச்சரிக்கைகூடக் கிடையாது, முதல் முறையே புள்ளி போய்விடும். எறிந்த பந்து சரியில்லை என்று அடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டாலும் புள்ளி போனதுதான். “இன்னொரு தடவை போடுகிறேன்” என்பதெல்லாம் மன்றத்தில் மட்டுமே செல்லும்.

உங்களுக்கும் இதில் உரிமை உண்டு. எதிராளி தோளாலோ கையாலோ பந்தை மறைத்து சர்வீஸ் போட்டால், அதைக் கவனிக்கும்படி நடுவரிடம் நீங்கள் பணிவாகச் சொல்லலாம். தம் சர்வீஸே தடுமாறும்போது அந்த வாயைத் திறக்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். வயதிலும் பதவியிலும் மூத்தவர் என்பதால் உள்ளூர் நடுவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கை உங்கள் கடிதத்தில் வரிகளுக்கிடையே தெரிகிறது. அந்த நம்பிக்கையோடு போய் 9-9 என்ற நிலையில் இரண்டு ஃபவுல் வாங்கித் தோற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். இளவயதில் ஒரு மாவட்டப் போட்டியில் அப்படித் தோற்றவர்களில் நானும் ஒருவன். பந்து 16 செ.மீ. எழுந்தது என்று இன்றுவரை வீட்டில் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த விதியை நான் இவ்வளவு நேரம் விளக்குவதற்கு வேறு காரணமும் உண்டு. நான்கு விரற்கடை உயரத்துக்கு எறிந்த பந்து, மீண்டும் உள்ளங்கை மட்டத்துக்கு வர ஏறத்தாழ கால் வினாடிதான் ஆகும். எழும்போதே அடிக்கிற உங்களுக்கு அதிலும் பாதிகூடக் கிடைப்பதில்லை. மட்டையைப் பின்னால் கொண்டுபோய், தளர்த்தி, வேகமெடுத்து வர அந்த நேரம் எந்த மூலைக்கும் காணாது. அதனால்தான் கை இறுகுகிறது, மணிக்கட்டு வெட்டி இழுக்கிறது, பந்தை உரச முடியாமல் முட்டித் தள்ளுகிறது. பந்தை 40 செ.மீ. எறிந்து பாருங்கள்; அரை வினாடிக்கு மேல் கிடைக்கும். உங்கள் ஃபவுலும் சுழலின்மையும் மணிக்கட்டு வலியும் மூன்று தனித்தனி நோய்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே கொடியில் காய்த்த மூன்று காய்களாகத் தெரிகின்றன.

சுழல் பிறக்கும் இடம்

பந்தின் விட்டம் 40 மி.மீ., எடை 2.7 கிராம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 12.5 செ.மீ. அந்தப் பந்து வினாடிக்கு 50 முறை சுழல வேண்டுமென்றால், அதன் மேற்பரப்பு வினாடிக்கு 6 மீட்டருக்கு மேலான வேகத்தில் ஓட வேண்டும். ரப்பர் பந்தைக் கவ்வி இழுத்துத்தான் அந்த ஓட்டத்தைக் கொடுக்கிறது என்பதால், மட்டையும் ஏறத்தாழ அந்த வேகத்துக்குக் குறையாமல் பந்தின் தோலை ஒட்டி ஓடியாக வேண்டும். “ஒட்டி” என்பதை அழுத்திச் சொல்கிறேன். பந்தை நோக்கிப் போகும் வேகம் பந்தை முன்னால் தள்ளும். பந்தின் மேல் வழுக்கிப் போகும் வேகம்தான் சுழலாகும். ஓங்கி அடித்தால் சுழல் கூடும் என்பது உங்களிடம் மட்டுமல்ல, புதிதாக வரும் பத்தில் ஒன்பது பேரிடம் உள்ள எண்ணம். ஓங்கி அடித்தால் பந்து மேசைக்கு வெளியே போகும், வேறொன்றும் நடக்காது. கடப்பாரையால் பம்பரம் விட முடியுமா? சாட்டையின் நுனிதான் அதைச் சுற்ற வைக்கிறது.

பம்பரம் சொல்லும் பாடம் இன்னும் ஒன்று உண்டு. சாட்டையில் நுனி வேகமாகப் போகிறது, பிடி மெதுவாகப் போகிறது. மட்டையும் அப்படியே. கைப்பிடியை ஒட்டிய பகுதி மெதுவாகவும், எதிர் ஓரம் வேகமாகவும் நகர்கின்றன. உங்கள் காணொளியில் பந்து ஒவ்வொரு முறையும் கைப்பிடிக்கு மேலே இரண்டு விரல் தூரத்தில்தான் படுகிறது. மட்டையின் நடுவுக்கும் வெளி ஓரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் பட வேண்டும். ஓரத்துக்கே கொண்டுபோனால் விளிம்பில் பட்டுத் தெறித்துவிடும். முதல் வாரம் நிறையத் தெறிக்கும், அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

பிடியை முன்பே சொன்னேன். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டையின் அடிப்பகுதியை இரு பக்கமும் பற்றியிருக்க, மற்ற மூன்று விரல்களும் கைப்பிடியை விட்டுவிட்டு உள்ளங்கைக்குள் மடிந்திருக்கட்டும். அசைவு தோளிலிருந்தும் இடுப்பின் சிறு திருப்பத்திலிருந்தும் தொடங்கி, முழங்கைக்கு வந்து, முன்கைக்கு வந்து, கடைசியில் மணிக்கட்டில் முடிய வேண்டும். மணிக்கட்டு எல்லா வேலையையும் செய்வதாகக் காணொளிகளில் தோன்றும். கடைசியாக அசைவது அது என்பதால் கண்ணில் படுகிறது. அதற்கு முன் நடந்தவை கண்ணில் படுவதில்லை. பந்து படும் அந்தக் கணத்தில் மட்டும் இரண்டு விரல்களும் சற்றே இறுகி, உடனே தளர்ந்துவிட வேண்டும்.

சரியாகப் படுகிறதா என்பதைக் காதால் கண்டுபிடிக்கலாம். உங்கள் சர்வீஸில் “டொக்” என்று மரத்தின் ஓசை வருகிறது. பந்து ரப்பரையும் அதன் அடியிலுள்ள மெத்தென்ற ஸ்பாஞ்சையும் அழுத்திக்கொண்டு மட்டையின் கட்டைவரை போகிறது என்று பொருள். உரசிப் போகிற சர்வீஸில் ஓசை ஏறக்குறைய இருக்காது. புடவைத் தலைப்பு சுவரில் உரசுவதுபோல மெல்லியதாய் ஏதோ கேட்கும். பயிற்சி தரும்போது சில நேரம் நான் திரும்பி நின்றுகொண்டு பிள்ளைகளை சர்வீஸ் போடச் சொல்வேன். எது சுழன்றது, எது சுழலவில்லை என்று பார்க்காமலே சொல்லிவிட முடியும்.

மருத்துவர் அனுமதித்த பிறகு, முதல் பத்து நாள்கள் மேசைப் பக்கமே போகாதீர்கள். வீட்டுக் கூடத்தில், வழவழப்பான தரையில், காலணி இல்லாமல் நின்றுகொள்ளுங்கள். பந்தைத் தலை உயரத்துக்கு எறிந்து, மட்டையின் முகத்தை வானம் பார்க்கும்படி ஏறக்குறையப் படுக்கையாக வைத்து, இறங்கி வரும் பந்தின் அடியை முன்னோக்கி மெலிதாக வழித்துவிடுங்கள். பந்து ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோ முன்னால் போய் விழும். சுழல் இல்லையென்றால் அப்படியே துள்ளித் துள்ளி முன்னால் ஓடும். கொஞ்சம் சுழல் இருந்தால் விழுந்த இடத்தில் தயங்கி நிற்கும். நிறைய இருந்தால், இரண்டாவது துள்ளலில் மனம் மாறியதுபோலத் திரும்பி, தரையில் உருண்டு உங்கள் கால் கட்டைவிரலைத் தேடி வரும். அது முதன்முறை வரும்போது நாற்பது வயதுக்காரர்களும் வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டுக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். நாளொன்றுக்கு 40 முறை போதும். ஒவ்வொன்றுக்கும் இடையில் மூச்சு விட்டு, கையை உதறித் தளர்த்திக்கொள்ளுங்கள். பந்தின் பாதியில் நிறப் பேனாவால் வண்ணம் தீட்டிக்கொண்டால், சுழல் எந்தத் திசையில் போகிறது, அச்சு சாய்ந்திருக்கிறதா என்பதும் தெரியும்.

ரப்பரும் எண்ணெயும்

வாங்கிய ரப்பர் வீணில்லை. பசைத்தன்மை உள்ள ரப்பர் சர்வீஸுக்கு உதவக்கூடியதுதான். ஆனால் மெலிதாக உரசத் தெரிந்த கைக்குத்தான் அது உதவும். கட்டைவரை முட்டுகிற அடியில் 4,000 ரூபாய் ரப்பருக்கும் 800 ரூபாய் ரப்பருக்கும் பெரிய வேறுபாடு இராது. அந்த வகை ரப்பர்கள் பலவற்றில் ஸ்பாஞ்ச் கடினமானது. வேகமான முழு வீச்சு இல்லாதவருக்கு ஃபோர்ஹேண்டில், அதாவது உள்ளங்கை முன்னால் பார்க்க அடிக்கும் அடியில், பந்து செத்துப்போய்க் கிளம்பும். அப்படி உணர்ந்தால் அடுத்த முறை நடுத்தர மென்மையுள்ள, நன்றாகக் கவ்வும் சாதாரண ரப்பருக்கு மாறுங்கள். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். விளையாடி முடித்ததும் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்து, உலர்த்தி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி வையுங்கள். நம் ஊர்த் தூசும், விரலின் எண்ணெய்ப் பிசுக்கும், மழைக்கால ஈரமும் ரப்பரின் கவ்வும் தன்மையைத் தின்றுவிடும். போட்டியில் ஒவ்வொரு 6 புள்ளிக்கும் ஒருமுறை துண்டால் துடைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. வியர்க்கும் ஊரில் அந்த உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கைப்பிடியை ஒட்டி ரப்பரின் அடியில், சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பான ஐ.டி.டி.எஃப். முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். விதிப்படி நடக்கும் போட்டியில், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள ரப்பரைத்தான் பயன்படுத்தலாம். ஒரு பக்கம் கறுப்பாக இருக்க வேண்டும்.

பூஸ்டர் எண்ணெயை மறந்துவிடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட ரப்பரை எந்த வேதிப்பொருளாலும் மாற்றக் கூடாது என்பது விதி. முன்பு வேகப் பசை என்று ஒன்று புழக்கத்தில் இருந்தது. ஆவியாகும் கரைப்பான்கள் கலந்த அதுவும் 2008-இல் தடைசெய்யப்பட்டது. உள்ளூர்ப் போட்டியில் யார் சோதிக்கப்போகிறார்கள் என்று உங்கள் நண்பர் கேட்கலாம். சோதிக்காமல் போகலாம். ஆனால் எண்ணெய் குடித்த ஸ்பாஞ்ச் உப்பி, பசை உட்பட 4 மி.மீ. என்ற தடிப்பு வரம்பைத் தாண்டும், ஓரம் சுருண்டு பெயர்ந்துகொள்ளும், சில வாரங்களில் பந்து எப்படிக் கிளம்பும் என்பதே மாறிப்போகும். ஒரு துறை ஊழியர் இன்னொரு துறை ஊழியருடன் ஆடும் ஆட்டத்துக்கு இது தேவைதானா?

எந்த சர்வீஸ்

நீங்கள் மூன்றைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியின் டிமிட்ரி ஓவ்சரோவும் சீனாவின் டிங் நிங்கும் குந்தி எழுந்து போட்டுப் புகழ்பெற்ற சர்வீஸ்கள் பார்க்க அழகானவை. அவர்களுடைய தொடைகளும் அவர்களிடம்தான் இருக்கின்றன. 43 வயதில், நாள் முழுதும் நாற்காலியில் இருந்துவிட்டு, முழங்காலுக்கு அப்படி ஒரு வேலையைக் கொடுக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மிஞ்சியவை இரண்டு. கடிகாரத்தின் பெண்டுலம்போல முன்கை ஆடும் ஃபோர்ஹேண்ட் சர்வீஸில் வகைகளுக்கு இடம் அதிகம். ஆனால் மணிக்கட்டுக்கும் கட்டைவிரலுக்கும் வேலை கூடுதல். புறங்கை முன்னால் பார்க்கப் போடும் பேக்ஹேண்ட் சர்வீஸில் முழங்கையும் முன்கையும் பெரும்பங்கைச் சுமக்கின்றன, உடல் எதிராளியை நேராகப் பார்க்கிறது, பந்தை மறைத்தீர்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. வலி அடங்கும்வரை, மருத்துவர் ஒப்பினால், பேக்ஹேண்டில் தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை. ஃபோர்ஹேண்ட் சர்வீஸை இரண்டாம் மாதத்தில் தளர்ந்த பிடியோடு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்; அதற்குள் வலி திரும்பினால் இந்தப் போட்டியை முழுக்க பேக்ஹேண்டிலேயே ஆடிவிடுங்கள்.

எதிரில் நிற்பவர் என்ன பார்க்கிறார்

இதுவரை சொன்னதை எல்லாம் செய்து, பந்து தரையில் காலடிக்கே திரும்பி வரும் அளவுக்குச் சுழல் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எல்லா சர்வீஸும் அப்படியே இருந்தால், நான்காவது சர்வீஸில் எதிராளி பழகிக்கொள்வார். மட்டையின் முகத்தைக் கொஞ்சம் மேல்நோக்கித் திறந்து, பந்தின் அடியில் கொடுத்து, மெல்லத் தள்ளி புஷ் செய்துவிட்டுப் போவார். பின்னோக்கிச் சுழலும் கடும் பேக்ஸ்பின்னை எடுப்பது கடினம் என்று நினைக்கிறோம். எப்போதும் கடும் பேக்ஸ்பின்தான் வரும் என்று தெரிந்துவிட்டால் அதை எடுப்பது எளிது.

2002 வரை பெரிய ஆட்டக்காரர்கள் இடக்கையால் பந்தை மறைத்துக்கொண்டு சர்வீஸ் போட முடிந்தது. அந்த ஆண்டு விதி மாறியபின் மறைப்பதற்கு மிஞ்சியது ஒன்றுதான்: இரு சர்வீஸ்களுக்கிடையிலான வேறுபாடு. அந்தக் கலையில் சுவீடனின் யான் ஓவே வால்ட்னருக்கு அதற்கு வெகுநாள் முன்பே பெயர் உண்டு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அவருடைய ஆட்டங்களின் காணொளிகளைப் பாருங்கள். ஒரே அசைவிலிருந்து வேறுவேறு பந்துகள் புறப்படும்.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு ஒரு நற்செய்தி இருக்கிறது. கைப்பிடி அருகே பட்டு, “டொக்” என்று கிளம்பி, சுழலே இல்லாமல் போகும் உங்கள் பழைய அடிக்கு எங்கள் மொழியில் நோ-ஸ்பின் என்று பெயர். பெரிய ஆட்டக்காரர்கள் அதை வேண்டுமென்றே போடுகிறார்கள். தனியாக நிற்கும்போது அது சப்பென்று இருக்கிறது. அதே எறிதல், அதே வீச்சு, அதே முடிவு அசைவோடு, ஒரு முறை மட்டையின் வெளி ஓரத்தில் உரசி, அடுத்த முறை கைப்பிடி அருகே பட வைத்தால் கதை வேறு. முதல் பந்தை வலையில் போட்ட எதிராளி, இரண்டாவதற்கு மட்டையைத் திறந்து கொடுப்பார். சுழல் இல்லாத பந்து உயரமாக எழுந்து உங்கள் ஃபோர்ஹேண்டுக்கு வரும். நான்கு ஆண்டுகளாகப் போட்ட சர்வீஸைத் தூக்கி எறிய வேண்டாம். அதற்கு ஒரு ஜோடியைத் தேடிக்கொடுங்கள், அதுவும் பந்தை முறையாக எறிந்து.

உயரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் காணொளியில் உங்கள் பந்து எதிர்ப்பக்கம் வலையைப்போல் இரண்டு மடங்கு உயரம் எழுகிறது. அந்த உயரத்தில் எந்தச் சுழலும் காப்பாற்றாது. பந்து நெஞ்சு உயரத்தில் இருக்கும்போதே அடிக்காமல், ஏறத்தாழ வலையின் உயரத்துக்கு இறங்கும்வரை பொறுத்திருந்து தொடுங்கள். குட்டையான சர்வீஸுக்கு உங்கள் பக்கத்தின் நடுப்பகுதியில் முதல் துள்ளல் விழட்டும். நீளமான சர்வீஸுக்கு உங்கள் விளிம்புக் கோட்டருகே விழ வேண்டும். எதிர்ப்பக்கம் விழுந்து வலைக்கே திரும்பி வரும் சர்வீஸைக் காணொளிகளில் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறீர்கள். சுழலை அளந்து பார்க்க அது நல்ல பயிற்சி. ஆட்டத்தில் அதை அடிக்கடி போட்டால், மெதுவாகவும் உயரமாகவும் வலையருகே நிற்கும் பந்தை எட்டி வந்து அடித்துவிடுவார்கள்.

இரண்டு மாதங்களில் எவ்வளவு

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். சென்னையின் சரத் கமல் 2006-இல் மெல்போர்னில் வென்ற காமன்வெல்த் ஒற்றையர் தங்கத்தை, 2022-இல் பர்மிங்காமில் 40 வயதில் மீண்டும் வென்றார். அவர் வாழ்நாளெல்லாம் ஆடியவர், நாம் அப்படியல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் டேபிள் டென்னிஸில் கால் வேகம் கேட்காத, எதிராளியின் தலையீடு சிறிதும் இல்லாத ஒரே அடி சர்வீஸ்தான். நாற்பதுக்கு மேல் தொடங்குபவர் முதலில் மெருகேற்ற வேண்டியதும் அதுதான்.

முதல் இரண்டு வாரம் கைக்கு ஓய்வு. அந்த நாள்களில் மட்டையைத் தொடாமல், இடக்கையால் பந்தை நேராக எறிந்து அதே உள்ளங்கையில் வாங்கிப் பழகுங்கள். சாய்ந்து போகாமல் நூறில் தொண்ணூறு வந்தால் நல்லது. அதன்பின் பத்து நாள் தரைப் பயிற்சி. நான்காவது வாரத்தில் மேசைக்குப் போய், நாளொன்றுக்கு 60-க்கு மேல் போகாமல், கடும் பேக்ஸ்பின் ஒன்று, நோ-ஸ்பின் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பக்கவாட்டில் சுழலும் சைடுஸ்பின்னை இந்தப் போட்டிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைசி இரண்டு வாரம் சர்வீஸைத் தனியாகப் பழக வேண்டாம். சர்வீஸ், எதிராளியின் ரிட்டர்ன், உங்கள் மூன்றாவது பந்து என்று மூன்றையும் சேர்த்தே பழகுங்கள். இப்போது நீங்கள் சர்வீஸ் போட்டுவிட்டு அந்தப் பந்து எங்கே போகிறது என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். 11 முறையும் அப்படித்தான். புஷ் வந்தால் மேல்நோக்கி உரசி முன்சுழல் ஏற்றும் லூப், எழும்பி வந்தால் அடி என்று சர்வீஸ் போடுவதற்கு முன்பே முடிவு செய்துகொண்டு, போட்ட உடனே ஆயத்த நிலைக்கு வந்துவிட வேண்டும்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு அந்தப் பத்தாம் வகுப்புப் பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றத்துக்கு வரவழையுங்கள். வலைக்கு நேராக நாற்காலி போட்டு அவனை நடுவராக உட்கார வைத்து, 20 சர்வீஸ் போடுங்கள். அவன் எத்தனைக்குக் கை தூக்கினான் என்பதை எனக்கு எழுதுங்கள். மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.